கிறிஸ்மஸ் விடுமுறைக்குச் சென்னையா, பெங்களூரா, கொச்சியா? குமரி மாவட்டத்திலிருந்து ஒரு கணக்கு

அரையாண்டுத் தேர்வு முடிந்து பள்ளிக்கூடம் பூட்டுவது பெரும்பாலும் டிசம்பர் 23. திறப்பது ஜனவரி பிறந்த பிறகு. காலண்டரைப் பார்த்தால் ஒன்பது பத்து நாள் சும்மா கிடப்பதுபோல் இருக்கும். குமரி மாவட்டத்தில் அதில் பாதிதான் கைக்கு வரும். 24 இரவும் 25 முழுக்கவும் வீட்டை விட்டு நகர முடியாது. வளைகுடாவிலிருந்தும் சென்னையிலிருந்தும் வந்தவர்கள் வீடு நிறைய இருப்பார்கள். குளச்சல், மணக்குடி போன்ற கடலோர ஊர்களில் 26 காலை சுனாமியில் போனவர்களுக்கான நினைவு வழிபாடு. 31 இரவு மறுபடியும் கோயில். ஆக, 26 மாலை கிளம்பி 31 மதியத்துக்குள் வீட்டுப்படி ஏறிவிட வேண்டும். பயணத்தில் கழியும் இரண்டு இரவைத் தள்ளினால் ஊர் சுற்றக் கிடைப்பது நான்கே நாள்.

எந்த ஊர் என்று முடிவு செய்துவிட்டுப் பிறகு டிக்கெட் தேடுவதுதான் வழக்கம். இங்கே அதைத் தலைகீழாகச் செய்வதே புத்திசாலித்தனம். திரும்பி வரும் டிக்கெட் எந்த ஊரிலிருந்து உறுதியாகக் கிடைக்கிறதோ, அந்த ஊருக்குப் போங்கள். பார்க்க வேண்டிய இடங்களுக்கு எந்தப் பெருநகரத்திலும் பஞ்சமில்லை.

கூட்டம் எந்தப் பக்கம் ஓடுகிறது

டிசம்பர் 20 முதல் 24 வரை நாகர்கோவிலை நோக்கி வரும் வண்டிகள் பிதுங்கும். அதே நாட்களில் இங்கிருந்து வெளியே போகும் வண்டிகளில் ஓரளவு இடம் இருக்கும். ஜனவரி 1 பிறந்ததும் காற்று திசை மாறும். ஊருக்கு வந்தவர்கள் எல்லாரும் ஒரே நேரத்தில் சென்னைக்கும் பெங்களூருக்கும் கிளம்புவார்கள். கிறிஸ்மஸ் கொண்டாடாத வீடுகளுக்கு இதில் நல்ல லாபம் உண்டு. 23 இரவே கிளம்பி 28இலோ 29இலோ திரும்பினால் போகவர இரண்டு பக்கமும் நெரிசலுக்கு எதிர்த்திசை.

26 முதல் 30 வரையிலான நாட்கள் இரண்டுங்கெட்டான். வெளியே போகும் வண்டி காலியாக இருக்கும் என்று நம்பிவிடக் கூடாது. விவேகானந்தர் பாறையையும், 2024 டிசம்பர் 30இல் திறந்த கண்ணாடிப் பாலத்தையும் பார்க்க வந்த வெளியூர்க்காரர்கள் நம்மோடுதான் வண்டி ஏறுவார்கள். ஊரே இங்கே வரும்போது நாம் வெளியே போகிறோம் என்பது ஒரு வேடிக்கைதான்.

ரயில் முன்பதிவு 2024 நவம்பர் 1 முதல் 120 நாளிலிருந்து 60 நாளாகக் குறைந்துவிட்டது. டிசம்பர் 26 பயணத்துக்கு அக்டோபர் 27 காலை 8 மணிக்குத் திறக்கும். டிசம்பர் 30 பயணத்துக்கு அக்டோபர் 31. இந்த நான்கு நாள் இடைவெளியில்தான் பல குடும்பங்கள் சறுக்குகின்றன. போக டிக்கெட் கிடைத்த சந்தோஷத்தில் திரும்பும் டிக்கெட்டை மறந்துவிட்டு, நவம்பர் நடுவில் பார்த்தால் காத்திருப்புப் பட்டியல் நூறைத் தாண்டியிருக்கும். இரண்டு தேதியையும் ஒன்றாகக் குறித்து வையுங்கள். அக்டோபர் 31 காலை திரும்பும் டிக்கெட் விழவில்லை என்றால், அன்றே போகும் டிக்கெட்டை ரத்து செய்து வேறு ஊருக்கு மாறிவிடலாம். இரண்டு மாதம் முன்பே ரத்து செய்தால் பிடித்தம் குறைவு.

முன்பதிவு திறக்கும் நேரத்தில் ஆதார் சரிபார்த்த ஐ.ஆர்.சி.டி.சி. கணக்குகளுக்கே முதல் வாய்ப்பு. தட்கலுக்கும் ஆதார் கட்டாயம். ஆகவே அக்டோபர் தொடக்கத்திலேயே அந்த வேலையை முடித்துவிடுங்கள், காலை 7.55க்கு உட்கார்ந்து ஓ.டி.பி. வரவில்லை என்று அலறுவதில் பயனில்லை. தட்கல் முந்தைய நாள் ஏசிக்கு 10 மணி, ஸ்லீப்பருக்கு 11 மணி. விடுமுறைக் காலத்தில் அதை நம்பித் திட்டம் போட வேண்டாம். தட்கல் காத்திருப்புப் பட்டியல் நகர்வது மிக அரிது.

காத்திருப்பு டிக்கெட் எடுத்தே ஆக வேண்டுமென்றால் எண்ணை மட்டும் பார்க்காதீர்கள், எழுத்தையும் பாருங்கள். ஜி.என்.டபிள்யூ.எல். (பொதுக் காத்திருப்புப் பட்டியல்) என்று இருந்தால் டிக்கெட் உறுதியாகும் வாய்ப்பு அதிகம். பி.க்யூ.டபிள்யூ.எல்., ஆர்.எல்.டபிள்யூ.எல். (இடைப்பட்ட ஊர்களுக்கான பட்டியல்கள்) என்று இருந்தால் எண் சின்னதாக இருந்தாலும் நம்பிக்கை குறைவு, ஏனென்றால் அந்த ஒதுக்கீட்டில் இருக்கும் இருக்கைகளே கொஞ்சம். நாகர்கோவிலிலிருந்து அப்படிக் காட்டினால், கன்னியாகுமரியில் கிளம்பும் வண்டிக்குக் கன்னியாகுமரியிலிருந்தே எடுத்து, ஏறும் இடத்தை நாகர்கோவில் என்று கொடுத்துப் பாருங்கள். கட்டண வித்தியாசம் பெரிதாக இருக்காது.

இன்னொன்று. நாகர்கோவிலில் இரண்டு ஸ்டேஷன். ஜங்ஷனுக்கு என்.சி.ஜே., டவுனுக்கு என்.ஜே.டி. திருநெல்வேலியிலிருந்து திருவனந்தபுரம் பக்கம் நேராகப் போகும் வண்டிகளில் சில ஜங்ஷனுக்குள் வராமல் டவுன் வழியாகவே போய்விடும். ஜங்ஷன் இருக்கும் கோட்டாறில் நின்றுகொண்டு வண்டியைக் காணோம் என்று தேடுகிறவர்கள் ஒவ்வொரு விடுமுறையிலும் உண்டு.

சென்னை

வசதியாலும் வண்டிகளின் எண்ணிக்கையாலும் சென்னைக்கே முதல் இடம். கன்னியாகுமரி எக்ஸ்பிரஸ் மாலையில் கிளம்பி விடிந்ததும் கொண்டுபோய் விடும். குழித்துறை, இரணியல் பக்கத்தவர்கள் கொல்லத்திலிருந்து வரும் அனந்தபுரியைப் பிடித்தால் நாகர்கோவில் வரை பஸ்ஸில் பெட்டி தூக்க வேண்டாம். 2024 ஆகஸ்ட் 31 முதல் வந்தே பாரத் ஓடுகிறது. எழும்பூரில் காலை 5 மணிக்குக் கிளம்பி மதியம் 1.50க்கு நாகர்கோவில், திரும்ப 2.20க்குக் கிளம்பி இரவு 11 மணிக்கு எழும்பூர். புதன்கிழமை ஓடாது.

வந்தே பாரத்தில் சென்னைக்குப் போவதைப் பரிந்துரைக்க மாட்டோம். ஒரு பகல் பொழுது வண்டியிலேயே போய்விடும். இரவு 11 மணிக்குத் தூங்கி வழியும் பிள்ளைகளோடு எழும்பூரில் இறங்கி, அந்த ராத்திரிக்கும் லாட்ஜ் வாடகை கொடுக்க வேண்டும். மெட்ரோவும் அந்நேரம் கடையைக் கட்டியிருக்கும். திரும்பி வர மட்டும் அது நல்ல வண்டி. காலை 5 மணி வண்டி என்பதால் கடைசி இரவு எழும்பூருக்குப் பக்கத்திலேயே தங்கியாக வேண்டும், ஆனால் மதியம் நாகர்கோவிலில் இறங்கி வெளிச்சத்தோடு குலசேகரமோ கருங்கலோ போய்ச் சேரலாம். இன்னொரு செலவு: ஸ்லீப்பரில் 5 முதல் 11 வயதுப் பிள்ளைக்குப் படுக்கை வேண்டாம் என்றால் அரை டிக்கெட் போதும். வந்தே பாரத் போன்ற சேர் கார் வண்டியில் அந்தச் சலுகை கிடையாது, முழு டிக்கெட்தான்.

2026ஐ எடுத்துக்கொண்டால் டிசம்பர் 26 சனி, 30 புதன். புதன் அன்று வந்தே பாரத் இல்லாததால் அன்றைய கூட்டம் முழுக்க இரவு வண்டிகளில் ஏறும். 31 வியாழன் காலை வந்தே பாரத்தில் இடம் பிடித்தால் இரவு ஆராதனைக்கு நிதானமாகப் போய்ச் சேரலாம். அதற்கான முன்பதிவு நவம்பர் 1 திறக்கும்.

எழும்பூர் ஸ்டேஷனில் மறுசீரமைப்பு வேலை நடப்பதால் சில வண்டிகளைத் தாம்பரத்தோடு நிறுத்துவதும் அங்கிருந்து கிளப்புவதும் உண்டு. டிக்கெட் எடுக்கும்போது ஒரு முறை, கிளம்பும் முந்தைய நாள் ஒரு முறை பார்த்துவிடுங்கள். தாம்பரத்துக்கும் எழும்பூருக்கும் புறநகர் ரயிலில் முக்கால் மணி நேர வித்தியாசம். அதிகாலை 5 மணிக்கு அந்த முக்கால் மணி நேரம் மிகப் பெரிது. பஸ்ஸில் போனாலும் இதே கதை. 2023 டிசம்பர் 30இல் கிளாம்பாக்கம் பேருந்து முனையம் திறந்த பிறகு நாகர்கோவில் வடசேரியிலிருந்து கிளம்பும் அரசு விரைவுப் பேருந்து கோயம்பேடு போவதில்லை. கிளாம்பாக்கத்தில் இறங்கி நகரப் பேருந்தில் ஒரு மணி நேரத்துக்கு மேல் உள்ளே போக வேண்டும். இதைக் கணக்கில் சேர்க்காமல் பஸ் சல்லிசு என்று சொல்லக் கூடாது.

தங்குமிடம்: எழும்பூர் ஸ்டேஷனுக்கு எதிரே கென்னட் லேன் முழுக்க லாட்ஜ்கள். அறை எடுக்கும்போது வாடகையைக் கேட்பதற்கு முன்னால், 24 மணி நேரக் கணக்கா, பகல் 12 மணிக் கணக்கா என்று கேளுங்கள். காலை 7 மணிக்குப் போய்ச் சேரும் குடும்பத்துக்கு 12 மணிக் கணக்கு என்றால் ஐந்து மணி நேரத்துக்கு ஒரு நாள் வாடகை போய்விடும். 24 மணி நேரக் கணக்கில் வாடகை கொஞ்சம் கூடுதலாக இருந்தாலும் மொத்தத்தில் மிச்சம். திருவல்லிக்கேணி மேன்ஷன்கள் தனியாளுக்கு ஆகும், குடும்பத்துக்கு ஆகாது.

நாட்களை எப்படிப் பிரிப்பது என்பதில்தான் சென்னை பலரைக் கவிழ்க்கிறது. வண்டலூர் பூங்காவுக்கு வழக்கமாகச் செவ்வாய் விடுமுறை. முட்டுக்காடு தட்சிணசித்ராவுக்கும் செவ்வாய். எழும்பூர் அருங்காட்சியகத்துக்கு வெள்ளி. மெரினா கலங்கரை விளக்கத்தில் திங்கள் ஏற விட மாட்டார்கள். 2026 கணக்கில் 27 ஞாயிறு. அன்று எங்கே போனாலும் தலைதான் தெரியும், ஆகவே உறவுக்காரர் வீட்டு விருந்தை அன்றைக்கு வைத்துக்கொள்ளுங்கள். முந்திரிக்கொத்தும் அச்சுமுறுக்கும் பையில் நொறுங்குவதற்குள் கொடுத்த மாதிரியும் இருக்கும். திங்கள் காலை முதல் வேலையாக வண்டலூர். அங்கே நடந்தே சுற்றலாம் என்று வீம்பு பிடித்தால் மதியத்துக்குள் பிள்ளைகள் உட்கார்ந்துவிடும். உள்ளே நுழைந்ததும் பேட்டரி வண்டிக்கோ வாடகை சைக்கிளுக்கோ வரிசையில் நில்லுங்கள். செவ்வாய் அருங்காட்சியகம், மாலை மெரினா. 1851இல் தொடங்கிய அந்த அருங்காட்சியகத்தின் வெண்கலச் சிலைக் கூடத்துக்கு மட்டுமே ஒன்றரை மணி நேரம் ஒதுக்கலாம். புதன் மாமல்லபுரம். சாந்தோம், பரங்கிமலை, பெசன்ட் நகர் வேளாங்கண்ணி கோயில் ஆகியவற்றை வழியில் செருகிக்கொள்ளலாம். கிறிஸ்மஸ் அலங்காரம் மூன்று ராஜாக்கள் திருநாள் வரை இருக்கும்.

புத்தகக் காட்சியை மனதில் வைத்துப் போகிறவர்கள் தேதியை உறுதிசெய்துகொள்ளுங்கள். 2024இல் டிசம்பர் 27 அன்றே நந்தனத்தில் தொடங்கியது. எல்லா ஆண்டும் அப்படி அமைவதில்லை, ஜனவரிக்குத் தள்ளிப்போவதும் உண்டு. நடந்தால் எழும்பூரிலிருந்து மெட்ரோவில் சென்ட்ரல் போய் நீல வழித்தடத்துக்கு மாறினால் நந்தனம். மார்கழிக் கச்சேரிகள் உச்சத்தில் இருக்கும் வாரம் இது. மதியக் கச்சேரிகள் பல சபாக்களில் இலவசம். பாட்டில் ஈடுபாடு இல்லாத பிள்ளைகளுக்கு சபா கேண்டீன் மட்டும் பிடிக்கும்.

மழையைப் பற்றி: சென்னையைப் புரட்டிய 2015 வெள்ளம், 2016 வர்தா, 2023 மிக்ஜாம் மூன்றும் டிசம்பர் முதல் பாதி. கடைசி வாரத்தில் ஆபத்து குறைவு, ஆனால் இல்லை என்று சொல்ல முடியாது. தானே புயல் கரை கடந்தது 2011 டிசம்பர் 30, கடலூருக்கும் புதுச்சேரிக்கும் இடையே. சென்னை வண்டிகள் போகும் விழுப்புரம் பக்கம்தான் அது. சென்னையில் வெயில் அடித்தாலும் வழியில் மாட்டிக்கொள்ளலாம் என்பதற்கு 2023 டிசம்பர் 17, 18 சாட்சி. தென் மாவட்ட மழையில் திருநெல்வேலிப் பக்கத்து வண்டிகளே ரத்தாயின.

பெங்களூரு

நமக்குக் கைக்கெட்டும் தூரத்தில் உண்மையாகவே குளிர்காலம் என்று சொல்லக்கூடிய ஒரே பெருநகரம். டிசம்பர் கடைசியில் இரவு வெப்பம் 15, 16 டிகிரிக்கு இறங்கும். ஆளுக்கு ஒரு ஸ்வெட்டர் போதும். அதைத் துணிப்பெட்டிக்குள் அல்ல, கைப்பையில் வையுங்கள். ஸ்டேஷனில் இறங்கும் அதிகாலையில்தான் அது தேவைப்படும்.

போக இரண்டு வழி. நாகர்கோவிலில் மாலை கிளம்பி மதுரை, சேலம் வழியாக மறுநாள் காலை சேரும் வண்டி ஒன்று. கன்னியாகுமரியில் முற்பகலில் கிளம்பிக் கேரளா முழுக்கச் சுற்றி, கோயம்புத்தூர் வழியாகப் போகும் ஐலண்ட் எக்ஸ்பிரஸ் மற்றொன்று. அது ஏறக்குறைய 20 மணி நேரம். வெறும் நேரக் கணக்கில் முதலாவதே மேல். ஆனால் அது போய் நிற்பது சர் எம். விஸ்வேஸ்வரய்யா முனையத்தில், பையப்பனஹள்ளி பக்கம். வாசலிலேயே மெட்ரோ கிடையாது; இரண்டு கிலோமீட்டர் அளவுக்கு ஆட்டோவிலோ பஸ்ஸிலோ போய் ஊதா வழித்தடத்தைப் பிடிக்க வேண்டும். ஐலண்ட் நிற்பது மெஜஸ்டிக்கை ஒட்டிய கே.எஸ்.ஆர். ஸ்டேஷனில். மெட்ரோ, பஸ், காந்திநகர் லாட்ஜ்கள் எல்லாம் எட்டும் தூரம். மார்த்தாண்டத்துக்காரர் குழித்துறையில் ஏறி ஒரே வண்டியில் மெஜஸ்டிக்கில் இறங்கலாம் என்பதால் அந்த 20 மணி நேரத்தைப் பொறுத்துக்கொள்கிறவர்கள் உண்டு.

ஐலண்டில் போவதாக இருந்தால் சபரிமலைக் காலண்டரைப் பாருங்கள். மண்டல பூஜை டிசம்பர் 26 அல்லது 27இல் முடிந்து நடை சாத்துவார்கள். மகரவிளக்குக்காக 30இல் மறுபடி திறப்பார்கள். செங்கன்னூர், கோட்டயம் ஸ்டேஷன்களில் பக்தர் கூட்டம் கொஞ்சம் அடங்குவது இந்த இரண்டு மூன்று நாளில்தான். 25, 26 தேதிகளில் முன்பதிவுப் பெட்டியிலும் கால் வைக்க இடம் தேட வேண்டியிருக்கும்.

ஊருக்குள் பிரச்சினை ஒன்றே ஒன்று: ரோடு. லாட்ஜைத் தேர்ந்தெடுக்கும்போது அறையின் அழகை விட மெட்ரோ ஸ்டேஷனுக்கு எத்தனை நிமிட நடை என்பதைப் பாருங்கள். கப்பன் பூங்கா, கஸ்தூர்பா சாலையிலுள்ள விஸ்வேஸ்வரய்யா தொழில்நுட்ப அருங்காட்சியகம், நேரு கோளரங்கம் மூன்றையும் ஒரே நாளில் சேர்க்கலாம். கோளரங்கத்துக்குத் திங்கள் விடுமுறை. அந்த அருங்காட்சியகத்தில் ஆறாம் வகுப்புக்கு மேல் படிக்கும் பிள்ளைகளை விட்டால் அரை நாள் வெளியே வராது. அதற்கும் சின்னப் பிள்ளைகளுக்குப் பொத்தான் அழுத்துகிற விளையாட்டுதான். லால்பாக்கின் புகழ்பெற்ற மலர்க் கண்காட்சி ஜனவரி குடியரசு தினத்தையும் ஆகஸ்ட் சுதந்திர தினத்தையும் ஒட்டித்தான், டிசம்பரில் அல்ல. பன்னேர்கட்டா உயிரியல் பூங்காவுக்குச் செவ்வாய் விடுமுறை. அங்கே மெட்ரோ இன்னும் எட்டவில்லை, ஆகவே போகவர ஒரு முழு நாளை எழுதி வையுங்கள்.

2025 பிப்ரவரியில் மெட்ரோ கட்டணம் ஏறியது. அதிகபட்சம் 90 ரூபாய். நான்கு பேர் நீண்ட தூரம் போனால் ஒரு பக்கத்துக்கே 360. கூட்டம் இல்லாத காலை நேரத்தில் டாக்சி அதற்குள் முடியலாம். மாலை 5 மணிக்கு மேல் டாக்சியில் ஏறினால் பணமும் போகும், பொழுதும் போகும். காலையில் டாக்சி, மாலையில் மெட்ரோ என்று வைத்துக்கொள்வது நான்கு பேர் குடும்பத்துக்குச் சரியாக வரும்.

31 இரவு எம்.ஜி. ரோடு, பிரிகேட் ரோடு கொண்டாட்டம் குடும்பத்துக்கானதல்ல. போலீஸ் கட்டுப்பாடு, எம்.ஜி. ரோடு மெட்ரோ ஸ்டேஷன் வாசல் மூடல் எல்லாம் அன்றைக்கு உண்டு. 30 மாலை வண்டியில் ஏறி 31 காலை நாகர்கோவிலில் இறங்குவதே சரி. காரில் போகிறவர்களுக்கு வழி தவற வாய்ப்பே இல்லை: கன்னியாகுமரியில் முடியும் 44ஆம் எண் தேசிய நெடுஞ்சாலைதான் மதுரை, கரூர், சேலம் வழியாகப் பெங்களூருக்குள்ளும் போகிறது. சறுக்குவது கடைசி 40 கிலோமீட்டரில். ஓசூர் தாண்டி எலக்ட்ரானிக் சிட்டி வரை மாலையில் நுழைந்தால் அதுவரை மிச்சம் பிடித்த நேரம் எல்லாம் அங்கே கரையும்.

கொச்சி

மேற்குக் குமரிக்காரர்களுக்கு, அதாவது கல்குளம், விளவங்கோடு, கிள்ளியூர் தாலுகாவினருக்கு, எங்கள் கணக்கில் கொச்சிதான் முதல் தேர்வு. நாகர்கோவிலிலிருந்து ரயிலில் சுமார் 285 கிலோமீட்டர், ஆறு ஏழு மணி நேரம். இரவுப் பயணம் வேண்டாம், படுக்கை வேண்டாம், நான்கு நாளும் வேண்டாம். இரண்டு இரவு தங்கினால் போதும். விடியுமுன் கன்னியாகுமரியில் கிளம்பும் பரசுராம் அல்லது முற்பகல் ஐலண்ட். இரண்டுமே நிற்பது எர்ணாகுளம் டவுனில், உள்ளூர்க்காரர்கள் நார்த் என்பார்கள். ஆலப்புழை வழி வண்டிகள் போவது எர்ணாகுளம் ஜங்ஷன், அதாவது சவுத். லாட்ஜ் எந்தப் பக்கம் என்று முடிவு செய்யும்போது இது நினைவில் இருக்கட்டும்.

கொச்சியின் பெரிய பலம், கடைசி நேரத்திலும் போய்விட முடியும் என்பது. அக்டோபரில் தூங்கிவிட்டவர்களுக்குச் சென்னையும் பெங்களூரும் கைவிரித்துவிடும். கொச்சிக்கோ, வடசேரியிலோ மார்த்தாண்டத்திலோ பஸ் ஏறித் திருவனந்தபுரம் தம்பானூர் போனால் எதிரே சென்ட்ரல் ஸ்டேஷன். அங்கிருந்து எர்ணாகுளம் வழியாகப் போகும் பகல் வண்டிகள் வரிசையாக உண்டு. ஒன்றும் கிடைக்காவிட்டால் கேரள அரசு பஸ். திரும்பி வரவும் இதே வசதி.

ஃபோர்ட் கொச்சியில் தங்க ஆசைப்படாதீர்கள். டிசம்பர் கடைசி வாரம் அங்கே கார்னிவல். சின்ன ஹோம்ஸ்டேகூட விலை பேசும். எர்ணாகுளத்தில் மெட்ரோ ஸ்டேஷனை ஒட்டித் தங்கி, காலையில் படகில் அக்கரை போய் வாருங்கள். 2023 ஏப்ரலில் தொடங்கிய வாட்டர் மெட்ரோ ஹைகோர்ட் துறையிலிருந்து ஃபோர்ட் கொச்சிக்கு ஓடுகிறது. ஏசி போட்ட மின்சாரப் படகு, ஒரு படகுக்கு 100 பேர். பிள்ளைகளுக்கு ஊரிலேயே பிடிக்கப்போவது அதுதான். விடுமுறை வாரத்தில் பத்து மணிக்கு மேல் போனால் வரிசை துறையைத் தாண்டி வெளியே நிற்கும், ஆகவே எட்டு மணிக்குள் போய்விடுங்கள். வரிசையைப் பார்த்து மலைத்தால் எர்ணாகுளம் மெயின் ஜெட்டியில் மாநில நீர்ப் போக்குவரத்துத் துறையின் சாதாரண படகு இருக்கிறது. காசும் சொற்பம், காற்றும் தாராளம். வாட்டர் மெட்ரோவில் ஒரு பக்கம், சர்வீஸ் படகில் மறு பக்கம் என்று வருவதுதான் சரியான வழி.

மட்டாஞ்சேரி அரண்மனைக்கு வெள்ளி விடுமுறை. 1568இல் கட்டிய யூதர் தேவாலயம் சனி திறக்காது. இந்த இரண்டு நாளையும் தவிர்த்தால் அரண்மனை, யூதத் தெரு, செயின்ட் பிரான்சிஸ் தேவாலயம், சீன வலைகள் எல்லாம் ஒரே நாளில் முடியும். தரை சமதளம், வயதானவர்களும் நடக்கலாம். வெயில்தான் எதிரி. டிசம்பர் என்று பெயர்தான்; பகல் வெப்பம் 31, 32 டிகிரி, வியர்வையும் நம் ஊரைப் போலவே. பகல் 12 முதல் 3.30 வரை அறையில் கிடப்பதாகத் திட்டம் போடுங்கள். கலைக் கண்காட்சியான பினாலே ஒவ்வொரு முறையும் டிசம்பரில்தான் தொடங்கியிருக்கிறது, ஆனால் எல்லா ஆண்டும் நடப்பதில்லை. ஆறாவது பதிப்பு 2025 டிசம்பர் 12இல் தொடங்கியது.

31 நள்ளிரவு ஃபோர்ட் கொச்சியில் பாப்பாஞ்ஞி என்ற பெரிய பொம்மையை எரிப்பதைப் பார்க்க லட்சக்கணக்கில் கூடுவார்கள். எர்ணாகுளத்திலிருந்து அங்கே போகப் பாலமும் படகும்தான் வழி, இரண்டும் ஒரே நேரத்தில் அடைபடும். கைப்பிள்ளையோடு அந்தப் பக்கம் தலைவைக்க வேண்டாம்.

காரில் போவது தூரத்தைப் பார்த்து ஏமாறுகிற விஷயம். 66ஆம் எண் நெடுஞ்சாலையை அகலப்படுத்தும் வேலை கேரளத்தில் பல இடங்களில் நடக்கிறது, களியக்காவிளை முதல் பாலராமபுரம் வரை கிறிஸ்மஸ் நெரிசல் வேறு. ரயில் நேரத்தை விடக் கார் நேரம் கூடுவதே வழக்கம்.

மற்றவை

திருவனந்தபுரத்தை ஊர் சுற்றும் கணக்கில் சேர்க்க முடியாது, பாதி மாவட்டம் துணி எடுக்கவும் ஆஸ்பத்திரிக்கும் அங்கேதான் போகிறது. ஒரே ஒரு நாள் இருப்பவர்கள் மதியம் போய் மிருகக்காட்சிசாலை, மாலை கனகக்குன்னு விளக்கலங்காரம் பார்த்து இரவே திரும்பலாம். திங்களன்று மிருகக்காட்சிசாலை கிடையாது.

டெல்லிக்குத் திருக்குறள் எக்ஸ்பிரஸ் வாரம் இரண்டு நாள். இரண்டு இரவு ஓட வேண்டும். டிசம்பர் கடைசியில் வடக்கே மூடுபனி, வண்டியும் விமானமும் மணிக்கணக்கில் தாமதம். நான்கு நாள் கையில் வைத்துக்கொண்டு அதைத் தொடவே கூடாது. மும்பையும் அப்படித்தான், ரயிலில் ஒன்றரை நாள் போய் ஒன்றரை நாள் வருவதற்குள் பள்ளிக்கூடம் திறந்துவிடும்.

சென்னைக்கும் பெங்களூருக்கும் விமானம் என்றால் திருவனந்தபுரம் அல்லது தூத்துக்குடி. மார்த்தாண்டத்திலிருந்து திருவனந்தபுரம் 40 கிலோமீட்டருக்குள். கிழக்கே ஆரல்வாய்மொழிக்காரருக்கு நான்குவழிச் சாலையில் தூத்துக்குடி விமான நிலையம் இருக்கும் வாகைக்குளம் போவது நிம்மதி. திருவனந்தபுரத்தில் டெர்மினல் எண்ணைப் பாருங்கள்: ஒன்று சங்குமுகம் பக்கம், இரண்டு சாக்கைப் பக்கம். இரண்டுக்கும் நடுவே ஓடுபாதை இருப்பதால் மாறிப்போனால் ரோட்டில் சுற்றித்தான் வர வேண்டும். முட்டுவலி உள்ள பெரியவர் ஒருவர் கூட வருகிறார் என்றால் திரும்பும் பயணத்துக்கு மட்டும் விமானம் எடுப்பது நியாயமான செலவு.

சென்னையிலிருந்து திரும்ப எதுவுமே உறுதியாகாமல் 30ஆம் தேதி மாட்டிக்கொண்டால், காத்திருப்பு டிக்கெட்டோடு ஸ்லீப்பரில் ஏறாதீர்கள். இப்போது அனுமதிப்பதில்லை, அபராதத்தோடு இறக்கிவிடுவார்கள். இரவு தாம்பரத்தில் கிளம்பி மறுநாள் மதியம் நாகர்கோவில் வரும் அந்த்யோதயா முழுக்க முன்பதிவில்லாத வண்டி. இரண்டு மணி நேரம் முன்னால் பிளாட்பாரத்தில் நின்றால் உட்கார இடம் கிடைக்கும். பிள்ளைகள் அதைத் தாங்காது என்று தோன்றினால் கிளாம்பாக்கத்தில் நாகர்கோவில் பஸ்ஸைத் தேடாமல் மதுரை பஸ்ஸில் ஏறுங்கள். மாட்டுத்தாவணியில் ஒரு காபி குடித்துவிட்டு, அங்கிருந்து ஆரப்பாளையம் போய்விடாமல் அதே நிலையத்தில் நாகர்கோவில் பஸ் பிடிக்கலாம். அது இரவு பகல் எந்நேரமும் உண்டு.